ருவைதா என்று ஒருமுறை

மட்டாஞ்சேரி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு ரஹீனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மாமா, மாமி, உங்கள் தங்கச்சி ஷம்சியா, அவள் பிள்ளை எல்லோரும் சுகம். தோஹாவில் உங்கள் சுகத்துக்கு துஆ செய்கிறோம்.

போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு இரண்டு பேரும் சும்மா இருக்கிறோம். உங்கள் கூட்டாளி சாஹில் நாளைக்கு விமானம் ஏறுகிறார். மாமி கொடுக்கும் நேந்திரங்காய் வறுவலோடு இதையும் வைக்கிறேன். உங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். தமிழ் பேசும் புதுநகரம் ஊர்க்காரி எனக்கு மலையாளத்தில் மனசை எழுத வராது. மெதுவாகப் படியுங்கள்.

போன வாரம் கடல் ஏறி வாசல்படி வரை தண்ணீர் வந்தது. மாமா வாசலைக் கழுவிவிட்டார். இப்போது பரவாயில்லை.

ஷம்சியா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். தலைப்பிரசவம் என்பதால் நாற்பது நாளும் இங்கேதான். நம் அறையைக் கொடுத்திருக்கிறேன். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது. துணி அலசுவது நான்தான். அழுவேனோ என்று எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது, கிள்ளினாலும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழாம் நாள். முடி இறக்கிப் பெயர் வைக்கவேண்டும். இன்று காலை ஷம்சியா அடுக்களைக்கு வந்து, நம் மகள் பெயரையே வைக்கட்டுமா என்று கேட்டாள்.

அந்தப் பெயரை நீங்கள் தேடிப் பிடித்தபோது என்ன பாடுபட்டோம்! மாமிக்கு ருபீதா, மாமாவுக்கு ரூவதா. நர்ஸ் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் ரஹீனாவின் பேபி என்றே கூப்பிட்டார். ஊரில் இல்லாத பெயர் எதற்கு என்று நானும் உங்களோடு சண்டை போட்டேன். மெல்ல நடப்பவள் என்று அர்த்தம், கூப்பிடக் கூப்பிடப் பழகிவிடும் என்றீர்கள்.

பழகித்தான் போனது. பிள்ளைக்கு நெஞ்சில் ஓட்டை என்று எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிவாசலில் பெயர் சொல்லி துஆ கேட்டார்கள். பிழை வரக்கூடாதென்று உஸ்தாத் எனக்குப் போன் செய்து, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மைக்கில் கேட்டுக் கேட்டுத் தெரு முழுக்க ருவைதா என்று திருத்தமாகச் சொல்லப் படித்துவிட்டது. பிள்ளைதான் தங்கவில்லை.

அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள். ஒன்று ஆட்டோக்காரர் மகள், ஒன்று நம் தெருவிலிருந்து வைப்பின் தீவில் கட்டிக்கொடுத்த பெண்ணின் குழந்தை. நல்ல பெயர் என்கிறார்கள். யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஷம்சியாதான் கேட்டாள்.

போன மாதம் அவளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நர்ஸ் ருவைதா என்று கூப்பிட்டார். துளியும் பிசகவில்லை. யாரோ ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசி போடப் போனாள். நானும் எழுந்து நின்றிருந்தேன். ஷம்சியா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

வாழாத பிள்ளையின் பெயர் வேண்டவே வேண்டாம் என்று மாமி இன்று அவளைத் திட்டினார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த கோபம். என் மகள் பெயருக்கு என்ன குறை? வைத்துக்கொள் என்று ஷம்சியாவிடம் சொல்லிவிட்டேன். காதில் பெயர் சொல்லப்போவது மாமா. அவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் மச்சான், பிள்ளை மவுத்தாகிப்போன செய்தி கேட்ட நாளிலிருந்து நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லவேயில்லை. பிள்ளை என்கிறீர்கள், அது என்கிறீர்கள். லீவு கிடைக்காததற்கு உங்களை நான் குறை சொல்லவில்லை. போனில் மட்டுமே பார்த்த முகம் உங்களுக்கு எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில், மாமா பிள்ளையைக் கையில் வாங்குவதற்கு முன்னால், போன் செய்யுங்கள். நான் மொட்டை மாடியில் தனியாக நிற்பேன். சாப்பிட்டாச்சா என்று கேட்கவேண்டாம். நம் மகளை ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அதற்குப் பிறகு அது ஷம்சியா மகளின் பெயராக இருக்கட்டும்.

அல்லாஹ் உங்கள் உடம்பையும் மனசையும் காப்பானாக.

இப்படிக்கு,
ருவைதாவின் அம்மா
ரஹீனா