மூன்று நட்சத்திரம்

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் உடம்பு சுகம்தானே. போனில் சொன்னால் கத்திவிடுவேன். அதனால் எழுதி, உங்கள் பாலம் வேலைக்குக் கம்பி ஏற்றி வரும் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? குட்டியின் சீட்டில் மூன்று எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தது. நான் பாலர் வகுப்பு டீச்சர். பதினோரு வருஷமாக நோட்டில் நட்சத்திரம் போட்டே விரல் தேய்ந்தவள். "மூணு ஸ்டார் வாங்கிட்டடி" என்று அவளைத் தூக்கிச் சுற்றினேன். சீட்டைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். படம் எடுத்து உங்களுக்கும் அனுப்பினேன். "என் பொண்ணாச்சே" என்று பதில் போட்டீர்கள். பள்ளிக் குமாஸ்தா நகலில் ஓட்டை போட்டுக் கோப்பில் சேர்த்தாள். லேப்காரன் உறையை நீட்டிவிட்டு டீ குடிக்கப் போனான். இத்தனை படித்தவர்கள் கையில் வாங்கினோம், ஒருவர்கூடப் படிக்கவில்லை.

நேற்றுக் காலை பள்ளிப் பிரார்த்தனை வரிசையில் நின்றபடியே தூங்கிச் சரிந்தாள். டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரத்தமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்ட அந்தச் சீட்டையும் பெருமையாக எடுத்துப் போனேன். நட்சத்திரம் போட்டிருந்தால் அளவு சரியில்லை என்று அர்த்தமாம். சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு, மூன்றுமே குறைவு. "மூணு வாரமா என்னம்மா பண்ணீங்க?" என்று சீட்டின் தேதியைப் பார்த்துவிட்டுக் கேட்டார். பிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

காலெல்லாம் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. விளையாட்டில் இடித்துக்கொண்டாள் என்று எண்ணெய் தடவிவிட்டேனே, சீ. என்னைக் கண்டாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கூட வந்த உங்கள் அண்ணி, "இவ ஒழுங்கா ஊட்டினா எல்லாம் சரியாயிடும்" என்று டாக்டரம்மாவுக்கே பாடம் நடத்தினார். வாய் திறந்தால் உறவு அறுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சாதாரணக் குறைபாடாகவும் இருக்கலாமாம். ஆனால் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாதாம். வியாழக்கிழமை காலை எடுக்கிறார்கள். வேறு என்னவாக இருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் போனில், "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறா, ரெண்டு போடு" என்றீர்கள். ஸ்பீக்கரில் இருந்தது, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் போட்டேன்.

இப்போது பக்கத்தில் படுத்திருக்கிறாள். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டாள். அப்பாவுக்கு என்றேன். "நான் நடிக்கலைன்னு எழுதும்மா" என்றாள். எழுதிவிட்டேன்.

அதே லாரியில் ஏறி வந்துவிடுங்கள். அந்த ஊசி போடுவதற்கு முன்னால், "தெரியும்டா கண்ணு" என்று நீங்களே உங்கள் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா