மூன்று அங்குலம்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. நீயாகப் பேசுவாய் என்று காத்திருந்தேன். போனில் என்றால் பாதியில் குறுக்கே விழுவாய், அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் கருவிப்பெட்டியை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டாய். இழைப்புளி, உளி, ரம்பம், எல்லாம். நான் அங்கேதான் நின்றிருந்தேன். "படிச்சவனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று காரியத்துக்கு வந்த கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். நீ மறுக்கவில்லை. சின்ன வயதிலும் இதே கதைதான். பட்டறைக்குள் கால் வைத்தால் அப்பா என்னை விரட்டுவார்: "போடா, போய்ப் படி." உன்னை மட்டும் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

இருபத்தாறு வருடம் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். போன ஜூனில், என்னிடம் படித்தவனையே எனக்குத் துறைத் தலைவன் ஆக்கினார்கள். விலகிவிட்டேன். இனிமேல் கையால் ஏதாவது செய்யப் போகிறேன். ஒரு பொருளைச் செய்து நிறுத்திவிட்டால் அதை இல்லையென்று எவனும் சொல்ல முடியாது. கருவிகளில் பாதி எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பிப்ரவரி 17

தம்பிக்கு,

கவரைப் பிரிச்சதும் கையெழுத்து இன்னும் அழகா இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் படிச்சேன்.

பாதி என்ன, முழுசா எடுத்துக்கோ. ஆனா தரையில உட்கார்ந்து இழைக்க உன் முதுகு தாங்காது. முதல்ல ஒரு வேலை மேசை பண்ணு. நாலு கால், சுத்திச் சட்டம், மேல கனமான பலகை, அவ்வளவுதான். நேரா நின்னு கையைத் தொங்க விடு. மணிக்கட்டு எங்க வருதோ அதுதான் உனக்கு உயரம். ரம்பமும் மூலைமட்டமும் கடையில புதுசா வாங்கிக் கெடுத்துக்கோ, அப்பாவோடத கெடுக்காதே. மேசை நின்னதும் எழுது, பெட்டிய அனுப்பறேன்.

கோபம் தணிஞ்சா போன் பண்ணு. தணியலைன்னாலும் பண்ணு.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

மேசை நின்றுவிட்டது என்று எழுதத்தான் ஆசைப்பட்டேன். ஆடுகிறது.

மரக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சார், முதல் தடவையா? அப்ப ரெண்டு சட்டம் சேர்த்தே வாங்கிக்குங்க" என்றார். கணக்குப் போட்டு வந்தவனிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? வாங்கவில்லை. பத்தாம் நாள் இரண்டு சட்டம் குறைந்து மறுபடி போனேன். அவர் அந்த இரண்டையும் எனக்காக எடுத்து ஓரமாக வைத்திருந்தார்.

மாடியில் துணி துவைக்கிற இடத்தில் வைத்துச் செய்தேன். மணிக்கட்டு உயரம் முப்பத்து நான்கு அங்குலம். நிறுத்தினால் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. காகிதம் மடித்துச் செருகி இடைவெளியை அளந்தேன், எந்தக் காலில் எவ்வளவு எடுப்பது என்று கணக்கிட்டேன், கவிழ்த்துப் போட்டு அறுத்தேன். நிமிர்த்தினால் வேறொரு கால் தூக்குகிறது! மறுபடி அளந்து, மறுபடி அறுத்தேன். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, "மேல என்ன சார், யானையவா அறுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இருபது தடவைக்கு மேல் ஆகிவிட்டது. மேசை இப்போது முப்பத்தொரு அங்குலம். மேலே ரசமட்டம் வைத்தால் ஒரு நாள் குமிழி நடுவில் நிற்கிறது, மறுநாள் ஓரத்தில் நிற்கிறது. என் கணக்கில் தவறில்லை, சரிபார்த்துவிட்டேன். நீ எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறாய்.

உன் தம்பி

ஏப்ரல் 10

டேய்,

ரம்பத்தைக் கீழ வை. வச்சுட்டு மேல படி.

துணி துவைக்கிற இடத்துல தண்ணி போற ஓட்டை இருக்கும்ல? அதைச் சுத்தித் தரை பள்ளமாத்தான் இருக்கும். நீ ஒவ்வொரு தடவையும் கவிழ்த்து, நிமிர்த்தி, இழுத்துப் போடுறப்ப வேற வேற கால் அதுல இறங்கியிருக்கு. மேசை மேல ரசமட்டம் வச்சவரு தரையில வச்சீங்களா, புரொபசர்? ஒரு மரச்சக்கைய கால் அடியில செருகியிருந்தா முடிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு. சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தார்னு எழுதியிருக்கே. நான் எட்டாவது, நீ நாலாவது. பட்டறை ஆள் திடீர்னு நின்னுட்டான். பெரிய ரம்பத்துக்கு மறுமுனை பிடிக்க ஆள் இல்ல. "ஒரு வாரம் வாம்மா"ன்னார் அப்பா. அந்த வாரம்தான் எனக்கு முழுப் பரீட்சை. அதுக்கப்புறம் யாரும் ஸ்கூல் பேச்சே எடுக்கல. நீ வாசல்ல நின்னு எட்டி எட்டிப் பாப்பே, கையில புஸ்தகத்தோட. எனக்கு அப்படி எரியும் உன்னப் பாத்தா.

படிச்சவனுக்கு எதுக்குன்னு சொன்னது யாரோ இல்ல. நான்தான். பெட்டிய அனுப்பட்டுமா?

அக்கா

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

தரையில் ரசமட்டம் வைத்தேன். குமிழி ஓரத்துக்கு ஓடிவிட்டது. கால்களில் குற்றமே இருந்திருக்காது போல.

உன் கடிதத்துக்குக் கோபமாகப் பதில் எழுத மூன்று நாள் உட்கார்ந்தேன். "நான்தான்" என்ற வரியில் கோபம் வருகிறது. அதற்கு மேலே இருப்பதைப் படித்தால் போய்விடுகிறது. மறுபடி கீழே வந்தால் மறுபடி வருகிறது. நாற்பது வருடமாக எனக்குத் தராததை உனக்குத் தந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் அதையேதான் நினைத்திருக்கிறாய். இதில் யார் யாரைக் கேட்பது?

உனக்கு அந்த வேலை பிடித்திருந்ததா? அதை மட்டும் நீ எழுதவில்லை. பிடிக்காமல் ஒருத்தி இத்தனை வருடம் இழைப்பாளா? பிடித்திருந்தது என்றால் நான் எதற்காக வருத்தப்படுகிறேன்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிறது.

பெட்டியை அனுப்பாதே. வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். எதற்கு வருகிறேன் என்று வாசலில் வைத்துக் கேட்டுவிடாதே.

உன் தம்பி என்று இரண்டு கடிதங்களில் கூசாமல் எழுதினேன். இன்று அந்த வார்த்தைக்கு முன்னால் ஒரு மன்னிப்பு வர வேண்டும் என்று தோன்றுகிறது. எதற்கென்று தெரியாமல் கேட்டால் நீ சிரிப்பாய். பெயரை எழுதினால் விண்ணப்பம் மாதிரி இருக்கும். பேனாவை மூடிவிட்டேன். கையெழுத்துப் போடாமலே தபாலில் போடுகிறேன்.