திரும்பி வராத ரொட்டி

கோட்டைமேடு, கோவை
14.11.1999

அன்புள்ள ஜாஹிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதலில் ரொட்டி.

ஒரு வீட்டு மேசையில் இருந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அது திரும்பி வரவில்லை. மேசை வெறுமையாக இருந்தது. புது ஆட்டத்தில் என்னை முதலில் திகைக்க வைத்தது இதுதான்.

உங்கள் வீட்டு மாடியில் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து நாம் கம்ப்யூட்டரில் 'சாம்பல் மலை' ஆடினோமே, அதன் மூன்று பாகத்திலும் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், எதையும் எடுக்கலாம். வெளியே போய்விட்டு வந்தால் எல்லாம் பழையபடி இருக்கும். ராஜாவின் தலைமாட்டிலிருந்து தலையணையையே உருவியவள் நீ. அவர் அதற்கும் "வருக வீரரே" என்றுதான் சொன்னார்.

நீ கல்யாணமாகிப் போன ஊரிலிருந்து உன் கடிதம் வந்தது. பெருநாளுக்கு என்ன வேண்டும், ஒன்று கேள் என்று மச்சான் சொன்னதாக எழுதியிருந்தாய். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆடும் புது சாம்பல் மலையைக் கேட்கலாமா, இல்லை வளையல் கேட்கலாமா என்று என்னைக் கேட்டிருந்தாய். அது பைத்தியக்காரர்கள் ஆடுவது என்று உன் கொழுந்தன் சொன்னாராமே. "நீ பார்த்துச் சொல் யுஸ்ரா, நீ சொன்னால் அதையே கேட்கிறேன்" என்று எழுதிவிட்டாய். ஒருமுறைதான் கேட்க முடியும் என்கிறபோது என்னைப் போய் நம்பிவிட்டாயே என்று பயமாக இருந்தது.

ஆட்டம் எனக்குக் கிடைத்த விதத்தைக் கேள். எங்கள் வீட்டுக்குக் கீழே சஹீர் அண்ணன் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பதுதான் உனக்குத் தெரியுமே. அங்கே பீளமேட்டிலிருந்து சசிதர் என்று ஒருவர் வருவார், எஞ்சினியரிங் படிக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய மாமா அந்த ஆட்டத்தின் சிடி பெட்டியை அனுப்பியிருந்தார். சசிதர் ரெண்டே நாளில் வெறுத்துப்போய் மேசை மேல் வைத்துவிட்டார். "கதையே இல்லீங்க சஹீர். மூணு பாகமும் முடிச்சவனுக்கு இது சுத்த தண்டம்ங்க. ராசா இல்ல, சாபம் இல்ல, எங்க பாத்தாலும் அவனவன் வெறகு வெட்டிட்டிருக்கறானுங்க" என்றார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டேன். அண்ணனைக் கெஞ்சி, காலையில் ஆள் வருவதற்கு முன்னால் ஆட அனுமதி வாங்கிக்கொண்டேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை ஜாஹிதா. லைன் மெதுவாக இருப்பதால் ஓடுகிற குதிரை அடுத்த காலை வைக்க வெகுநேரமாகிறது. யாராவது வீட்டுக்குப் போன் செய்தால் லைன் அறுந்து நான் ஆற்றின் நடுவில் நின்றுவிடுகிறேன். காட்டுப் பாதையில் திருடர்கள் என் செருப்பைக்கூட விடவில்லை. நம்மை எதிர்பார்த்து அங்கே எந்த ராஜாவும் இல்லை. முதல் வாரம், வளையலே கேள் என்று எழுதப் பேப்பரை எடுத்தும்விட்டேன்.

அப்போதுதான் இந்த ரொட்டி. வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு நான் நிற்கும்போதே ஒரு பெண் உள்ளே வந்தாள். பேசுவது தலைக்கு மேல் எழுத்தாக வரும். அது அவள் சுட்ட ரொட்டி என்று வந்தது. சட்டென்று மானிட்டரை அணைத்தேன்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தது. "ஏனம்மிணி, மானிட்டர அணைச்சா அந்தப் பொம்பளைக்குக் கண்ணு தெரியாமப் போயிருமா? நீ அங்கயேதான் திருதிருன்னு முழிச்சிட்டு நிக்கற!"

பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒன்பதாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றதற்கு அம்மா ஊருக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். வகுப்பில் எழுந்து நின்று ஒரு வார்த்தை வராத வாய் இது என்று உனக்குத் தெரியும். எனக்கும் சேர்த்துப் பதில் சொன்னவள் நீ. அங்கே நீ இல்லையே.

ஆனால் என் பையைத் திறந்தால் ரொட்டியோடு சேர்த்து எடுத்த கூடையும் இருந்தது. நம் பழைய புத்தி! நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்ட வீட்டுக்குத் தூக்குப்போசியைத் திருப்பித் தரும்போது அம்மா சொல்வது ஞாபகம் வந்தது: "வெறும் போசியத் தூக்கிட்டுப் போனா மானம் போயிரும் கண்ணு, ரெண்டு வாழப்பழமாச்சும் போடு." வாழைப்பழத்துக்கு அங்கே எங்கே போவது? ஆற்றில் மீன் பிடித்தேன். கூடை நிறைய மீனோடு அவள் வாசலில் போய் நின்றேன். இந்தத் தடவை உள்ளே நுழையவில்லை. வாசலில் நின்று கூப்பிட இங்கிலீஷில் என்ன சொல்வார்கள் என்றும் தெரியவில்லை. 'ஏனுங்க' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன்.

அவள் வந்தாள். பெயர் மார்த்தா. கனடாவில் இருக்கிறாளாம், அங்கே பனி பெய்கிறதாம். அவள் எழுத்து நான் படிப்பதற்குள் மறைந்துவிடுகிறது, பொறுமையாகத் திரும்பவும் அடித்தாள். அண்ணனின் டிக்‌ஷனரி என் மடியில். கோதுமையை அறுத்து, அரைத்து, விறகு வெட்டி, ஒரு சாயங்காலம் முழுக்க அந்த ரொட்டியைச் சுட்டாளாம். யாருக்காக என்று நினைக்கிறாய்? அவள் அக்காவுக்கு. அக்கா வேறு ஊரில் இருக்கிறாளாம். வேலை முடிந்து ஆட்டத்துக்குள் வரும்போது மேசையில் ஏதாவது இருக்க வேண்டுமாம். அதைத்தான் நான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்! மன்னிப்புக் கேட்டேன். கூடை திரும்பி வந்ததே அதிசயம், அதில் மீன் வேறா என்று எழுதினாள். 'ஏனுங்க' என்றால் என்ன என்று கேட்டாள். ஒரு வீட்டு வாசலில் நின்று நாங்கள் இப்படித்தான் கூப்பிடுவோம் என்றேன்.

மறுநாள் காலை, ஆட்டத்தில் நான் கட்டியிருக்கும் குடிசைக்குள் இருந்தேன். வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. உள்ளே வரவில்லை. அதன் தலைக்கு மேலே 'enunga' என்று வந்தது! நான் போட்ட கத்தலில் அண்ணன் டீ டம்ளரோடு ஓடி வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நம்பமாட்டாய். போன சனிக்கிழமை சசிதர் வந்து, "அந்தத் தண்டத்த யாராச்சும் ஆடறாங்களா, இல்ல எடுத்துட்டுப் போயிரட்டுங்களா?" என்று கேட்டார். "நான் ஆடறேனுங்க" என்று ஒரு குரல் வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து. என்னுடைய குரல்தான்! அண்ணன் வாயைப் பிளந்தது. அவர் சிரித்து, "அப்ப வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கதைதான் வேண்டும் என்றால் பழைய மூன்று பாகமே போதும், அதில் சசிதர் பக்கம்தான் நியாயம். ஆனால் நீ எழுதிய நாலு பக்கத்தையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏசி சத்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஜன்னலுக்கு எதிரே பூட்டியே கிடக்கும் கட்டிடத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். யாரிடமாவது பேசியதாக ஒரு வரிகூட இல்லை.

மச்சான் வேலைக்குப் போன பிறகு உனக்கு வேலை ஒழியும் நேரத்தில் இங்கே சென்டரிலும் கூட்டம் இருக்காது. வளையல் அடுத்த பெருநாளுக்கும் கடையில் இருக்கும். இந்தத் தடவை இதையே கேள் ஜாஹிதா. தயங்காமல் கேள்.

உள்ளே வந்ததும் ஆற்றைத் தாண்டு. காட்டுப் பாதை வேண்டாம், செருப்பு போய்விடும். காற்றாலைக்குக் கீழே இருப்பது என் குடிசை. மற்றவர்கள்தான் வாசலில் நின்று கூப்பிட வேண்டும். நீ நேராக உள்ளே வா. வேண்டுமானால் தலையணையையும் உருவிக்கொள்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னார்கள். அந்த ஊரில் அல்லாஹ் உனக்குத் துணையாக இருக்கட்டும், உன் சிரிப்பை உனக்குத் திருப்பிக் கொடுக்கட்டும்.

உன்,
யுஸ்ரா

கவரை ஒட்டுவதற்கு முன்னால் கீழே சென்டருக்கு இறங்கிப் போனேன். மார்த்தா சொல்லிக்கொடுத்தபடி ரெண்டு ரொட்டி சுட்டு என் குடிசை மேசையில் வைத்தேன். கதவைத் திறந்தே விட்டுவிட்டு வந்தேன்.