கிணற்றடியில் அவர் சொன்னது

மாப்ளே,

இன்று காலை வேலியோரத்தில் பதினோரு காப்பிச்செடிகளைப் பிடுங்கிப் போட்டு எரித்தேன். பச்சைச் செடி லேசில் பிடிக்கவில்லை, புகைந்து புகைந்துதான் எரிந்தது. அந்தப் புகை சட்டையில் ஏறிக்கொண்டு, குளித்த பிறகும் போகவில்லை. கடைசி இரண்டு வருஷம் உன் தோட்டத்திலிருந்து நாள் தவறாமல் வந்த அதே நெடி. நம்மூர் கொட்டச்சேட்டில் உனக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒரு முள்வேலி. அதைப் பூச்சி எத்தனை நாளைக்கு மதிக்கும்? தண்டுத் துளைப்பான் இப்போது என் பக்கமும் வந்துவிட்டது.

நீ இருந்திருந்தால் வேலிக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு, "ஏன்டா அறிவாளி, உன்ற நெழல்லயும் பூந்துருச்சா?" என்று கேட்டிருப்பாய். அறிவாளி என்பது நீ எனக்கு வைத்த பெயர். பன்னிரண்டாம் வகுப்பு வரை போனவன், பேப்பர் படிக்கிறவன், அரைகுறை இங்கிலீஷ் தெரிந்தவன் என்பதால். நீ எட்டாவதோடு நின்றவன். ஆனால் இலையைத் திருப்பிப் பார்த்துச் செடிக்கு என்ன குறை என்று சொல்வதில் நான் உன் பக்கத்தில் வரமுடியாது. அப்படிப்பட்ட நீதான் உன் நிழல் மரங்களை வெட்டிச் சாய்த்தாய்.

சிறு விவசாயிகள் பத்துப் பேரை வியட்நாமுக்குக் கூட்டிப்போய்க் காப்பித் தோட்டம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நம் இரண்டு பேர் பெயரையும் நீதான் கொடுத்தாய். எனக்குத் தெரியக்கூடத் தெரியாது. "நீ வந்தாத்தான்டா அவுங்க பேசறத எனக்குச் சொல்லுவ" என்றாய். விமானத்தில் ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, என் தோளுக்கு மேலாக நீதான் முழுக்கப் பார்த்துக்கொண்டு வந்தாய்.

அங்கே மலைமேல் பஸ் ஏறியதும் நீ எழுந்து நின்றுவிட்டாய். கண்ணுக்கு எட்டின தூரம் காப்பி. நடுவில் ஒரு மரம் இல்லை. நம்மூரில் சில்வர் ஓக் நிழலும் பலா நிழலும் இல்லாமல் காப்பியை யாராவது நினைத்துப் பார்ப்பார்களா? அங்கே மொட்டை வெயிலில் கிளை ஒடிகிற மாதிரி காய். அது வெயில் தாங்கும் ரொபஸ்டா, நம்முடையது நிழல் கேட்கும் அரபிகா என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு நீ பார்த்தது செடியை இல்லை. ஒரு நாட்டைப் பார்த்தாய்.

"குண்டு விழுந்த மண்ணுடா இது. அதுல இப்பிடி வெளையுது. நம்ம மண்ணுல என்ன விழுந்துச்சு? சோம்பேறித்தனம் விழுந்துச்சு. நம்ம காலத்துலயே இவுங்க வளந்த நாடா ஆயிருவாங்க, பாரு."

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. வழியில் பார்த்த பெரிய பெரிய தொழிற்சாலைகளைக் காட்டி, அடுத்த நாட்டுக்காரன் பொருளை உட்கார்ந்து பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுப்பதெல்லாம் வளர்ச்சியா என்று கேட்டேன். பெற்ற பிள்ளைகள் பிழைப்புக்குக் கடல் தாண்டாத நாடுதான் வளர்ந்த நாடு என்றேன். நீ விடவில்லை. "மொதல்ல கூலி, அப்பறம் மேஸ்திரி, அப்பறம் மொதலாளி. எல்லா நாடும் அப்பிடித்தான் வந்துச்சு. ஒனக்கு எவன் மேல வந்தாலும் ஆகாது" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் பார்த்துத் திரும்பி, "இவனுக்கு அடிவாரத்துச் சேலமே வெளிநாடுங்க. எறங்கறப்ப காது அடைச்சுக்குதும்பான்" என்று ஒரு போடு போட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றிருந்தது. ஐம்பது வயசு ஆனவனுக்கு இதெல்லாம் ஒரு கோபமா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குக் கோபம்தான்.

மத்தியானம் ஒரு தோட்டக்காரர் வீட்டில் சாப்பாடு. நம் வயசுதான் அவருக்கும். மாடி வீடு, பளபளக்கும் தரை, வாசலில் மூன்று மோட்டார் சைக்கிள். நீ ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாய். சுவரில் அவர் மகள் போட்டோ. ஜப்பானில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பதாகச் சொன்னார். நான் உன்னைப் பார்த்தேன், நீ வேண்டுமென்றே கூரையைப் பார்த்தாய்.

சாப்பிட்டதும் மற்றவர்கள் போட்டோ எடுக்கப் போனார்கள். அவர் என்னையும் வழிகாட்டிப் பெண்ணையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். சுருண்டு கிடந்த குழாயைக் காலால் தள்ளிக் காட்டி நெடுநேரம் பேசினார். அந்தப் பெண் இங்கிலீஷில் சொன்னது எனக்குத் தெளிவாகவே புரிந்தது. கிணற்றில் தண்ணீர் வருஷா வருஷம் கீழே போகிறது. மரத்தையெல்லாம் வெட்டியது தப்பு, இப்போது தோட்டத்துக்குள் திரும்ப நட ஆரம்பித்திருக்கிறோம். உங்கள் மலையில் மரம் நிற்கிறது என்று சொன்னார்கள், அதை வெட்டிவிடாதீர்கள். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் நீ வந்தாய். "என்னடா சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல. கெணத்தைக் காட்டறாரு."

இதுதான் நான் செய்தது. உனக்குக் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை, நம்பு. ஊருக்குத் திரும்பி, டீக்கடையில் நாலு பேர் நடுவில் நீ மறுபடி வியட்நாம் புராணத்தை ஆரம்பிப்பாய். அப்போது இதை எடுத்துவிட்டு உன் வாயை அடைக்கலாம் என்று பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

டீக்கடைக்கு நீ வரவே இல்லை. ஊர் திரும்பிய வாரமே மரம் வெட்ட அனுமதி கேட்டு எழுதிப்போட்டாய். ஆள் வந்து மரங்களைச் சாய்த்தபோது நான் மஞ்சக்குட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் உன் பக்கம் வானம் தெரிந்தது. பாதி மரம் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால், "அன்னைக்கே ஏன்டா சொல்லல?" என்று கேட்பாய். அதற்குப் பதில் இல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். மீதியும் விழுந்தது.

முதல் வருஷம் உன் செடி காய்த்த காய்ப்பு! வாழவந்தியிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். நீ வேலிக்கு அந்தப்புறம் நின்று என் நிழலைக் காட்டி, "இருட்டுல வெளையாடிட்டு இருக்கறான்" என்றாய். நான் மட்டும்தான் முட்டாளோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சந்தேகம் நிம்மதியாகவும் இருந்தது.

அடுத்த கோடையில் இலை மஞ்சளித்தது. வெயில் நேராகப் பட்ட தண்டுகளில்தான் அந்தப் பூச்சி முட்டையிடும் என்று உனக்குத் தெரியாதா? தெரியும். தண்ணீர் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தாய். போட்ட போர்வெல்லில் புழுதிதான் வந்தது. நீயும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவியும் கையில் தேங்காய் நார் உறை மாட்டிக்கொண்டு, பூச்சி முட்டை உதிர, செடி செடியாகத் தண்டைத் தேய்த்தீர்கள். ஒருநாள் நானும் வந்து தேய்த்தேன். நீ ஒரு செடியைப் பிடுங்கி முட்டியில் வைத்து ஒடித்தாய். உள்ளே சுரங்கம், அதில் வெள்ளைப் புழு. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, எரிச்சர்லாம்" என்றாய். அதற்குப் பிறகு உன் குரலில் கிண்டல் வரவில்லை.

நிலம் காட்டேஜ் கட்டுகிறவர்கள் கைக்குப் போனது. அந்த வாசலிலேயே உன்னை வாட்ச்மேன் ஆக்கினார்கள். நீல உடுப்பு, கழுத்தில் விசில். நீ நட்டு வளர்த்த வேலிக்குள் வருகிற காருக்கெல்லாம் நீயே கேட்டைத் திறந்துவிட்டாய். நான் அந்த வழியாகப் போகும்போது வண்டியை முறுக்கிக்கொண்டு போவேன். ஒருநாள் விசில் ஊதி நிறுத்தினாய்.

"பாத்தியாடா, வியட்நாம்ல இருவது வருசத்துக்குள்ள பணக்கார நாடு ஆகணும்னு முடிவு பண்ணிட்டாங்களாம். போன்ல போட்டுருக்கறான். ஆயிருவாங்களா?"

"ஆயிருவாங்க மாப்ளே."

உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உன் நிலம் போனது, உடம்பு பாதியானது, ஆனாலும் யாரோ ஒருத்தன் முன்னுக்கு வருவதில் உனக்குச் சந்தோஷம். அந்த மனசு எனக்குக் கிடையாது. அவர்கள் ஆகக்கூடும் என்றுதான் இப்போது நானும் நினைக்கிறேன். உழைக்கிறார்கள், தப்பை ஒத்துக்கொண்டு மரமும் நடுகிறார்கள். ஆனால் அந்த நாடு பணக்கார நாடாகிற அதே வருஷம் அந்தக் கிணறும் வற்றிப்போகலாம், அந்த மகள் ஊர் திரும்பாமலும் இருக்கலாம். நம்மூரும் அந்த வழியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் உன்னோடு உட்கார்ந்து சண்டை போட ஆள் இல்லை.

உடம்பு முடியாத உன்னை ஜீப்பில் சேலத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுபோனபோது உன் தலை என் மடியில் இருந்தது. வளைவு வளைவாக இறங்கினோம். பாதி மலை தாண்டுவதற்குள் போய்விட்டாய். கிணற்றடியில் அவர் சொன்னதை அப்போதும் உன்னிடம் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். தங்கச்சி பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏனுங்ணா, ஒண்ணு கேக்கணும். நம்மூர்லருந்து நீங்க ரெண்டு பேருந்தானுங்க அங்க போனீங்க. மரத்த வெட்டாதீங்கன்னு அந்த ஊர்ல ஒருத்தர்கூடச் சொல்லலீங்களா?"

அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். என் முழங்கையில் அந்த மனிதர் பிடித்த இடம் சுட்டது.

"இல்லம்மா. யாரும் சொல்லல."

"சொல்லியிருந்தாக் கேட்டுருப்பாங்க. நொம்பப் பேச்சுப் பேசுவாங்களே தவுர, நல்லது சொன்னாக் கேட்டுக்குவாங்க. இல்லீங்ணா?"

"கேட்டிருப்பான்மா" என்றேன்.

அவள் அதை நம்பித்தான் இப்போது இருக்கிறாள். பார்க்கிற பெண்களிடமெல்லாம், அவர் மேல் தப்பில்லை, யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்கிறாள். நான் பக்கத்தில் இருந்தால் என்னைக் காட்டி, "அண்ணனக் கேட்டுப் பாருங்க" என்கிறாள். கேட்கிறார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன், மாப்ளே.