சண்டைக்குப் பிறகு ஒரு பிராணி

இன்று காலையில் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது எதிர்ச்சுவரில் ஒரு பல்லி. டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கியது. இந்தக் கண் ஒரு தடவை, அந்தக் கண் ஒரு தடவை. பார்த்துக்கொண்டே நின்றதில் எண்ணெய் யாரோ ஒருத்தியின் பச்சை ரவிக்கைத் துணியில் வழிந்துவிட்டது. அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

கல்யாணமான புதிதில் நமக்குள் வந்த முதல் சண்டை எதற்கென்று இப்போது நினைவில்லை. உப்போ, உங்கள் அக்காவோ, இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். நான் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். நீங்கள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு சுவரைக் காட்டி, “ஏட்டி, பல்லிக்கு இமையே கிடையாது, தெரியுமா? கண்ணுல தூசி விழுந்தா நாக்காலயே தொடைச்சிக்கிடும்” என்றீர்கள்.

“இதைச் சொல்லத்தான் வந்தியளா?” என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. காபி போட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மன்னிப்பு என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்ததே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பிராணி வரும். புளியங்குடி எலுமிச்சை மண்டியில் காய் தரம் பிரித்துவிட்டு, சட்டையெல்லாம் அந்த வாசத்தோடு வீட்டுக்குள் நுழைந்து, நேரே அடுப்படி நிலைக்கு வருவீர்கள். பஸ்ஸில் எல்லாரும் போனில் சினிமா பார்க்க, நீங்கள் மட்டும் ஊர் பேர் தெரியாத பிராணிகளைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பீர்கள். நான் “இதைச் சொல்லத்தான் வந்தியளா?” என்று கேட்டால் சண்டை முடிந்தது. கேட்காமல் பாத்திரத்தை உருட்டினால் மறுநாள் வேறொரு பிராணியோடு வரவேண்டும்.

சிவகிரிக் கல்யாண வீட்டில் என்னை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் பந்தியில் உட்கார்ந்துவிட்டீர்களே, அன்றைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வாம்பட் என்றொரு பிராணி வந்தது. அது போடுகிற புழுக்கை பகடைக்காய் மாதிரி சதுரமாக இருக்குமாம். சாப்பிடுகிற நேரத்தில் சொல்கிற பேச்சா அது? என் அப்பா இறந்த பிறகு நான் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தபோது, சண்டை இல்லாமலே ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். எறும்பு தின்கிற அழுங்கு தன் குட்டியை வால்மேல் ஏற்றிக்கொண்டு போகும், பயம் வந்தால் குட்டியை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் என்று மெதுவாகச் சொன்னீர்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து முகம் கழுவினேன்.

எல்லாப் பிராணியும் பலித்துவிடவில்லை. “மண்ணுளிப் பாம்புக்கு ரெண்டு தலைங்கிறதெல்லாம் சும்மா. வாலைத் தலை மாதிரி காட்டி ஏமாத்தும், ஒங்க அண்ணன் மாதிரி” என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது மறந்திருக்காது.

கடைசிச் சண்டைக்குத்தான் எந்தப் பிராணியும் வரவில்லை.

ரதவீதிப் பக்கம் ஒரு சின்னக் கடை வாடகைக்கு வந்தது. ஆடித்தபசுத் திருவிழா நேரமென்றால் நம் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லாமல் துணி குவிந்து கிடக்கும். கடை போட்டுத் தைக்கிறேன் என்றேன். “வீட்டுல தச்சாப் போதாதா? கடையிலபோய் உக்காரணுமாக்கும்?” என்றீர்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “ஒங்களுக்கு மண்டி இருக்கு, பஸ் இருக்கு, டீக்கடை இருக்கு. எனக்கு இந்த நாலு சுவத்த விட்டா என்ன இருக்கு?” என்று கத்தினேன். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவை மேஜையில் வைப்பேன். எடுத்துக்கொண்டு போவீர்கள். சாயங்காலம் செருப்புச் சத்தம் கேட்டதும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். நிலைக்குப் பக்கத்தில் வருவீர்கள், எதுவும் சொல்லாமல் திரும்பிவிடுவீர்கள்.

அப்படி ஒரு நாள் காலையில் போனவர்தான். மூட்டைமேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று மத்தியானம் மண்டியிலிருந்து போன் வந்தது.

உங்களுக்காகத்தான் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். அது பாதிதான். சண்டையை அப்படியே நடுவீட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்களே என்ற ஆத்திரம் மீதிப் பாதி. என்மேல் கோபத்தோடேயே போனீர்களா என்று யாரிடம் போய்க் கேட்பது? அதற்குப் பிறகு கடையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வாசலுக்குக்கூட வரவில்லை.

பதினாறு கழிந்து ஒரு நாள், மண்டியில் உங்களோடு காய் பிரிக்கும் செல்லையா வந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

“மதினி, சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். அன்னைக்குக் காலைல டீக்கடையில அண்ணாச்சி ஒரு பறவையப் பத்திச் சொன்னாவ. சாயந்திரம் வீட்டுல சொல்லணும்னு எங்கிட்ட ஒருக்காச் சொல்லிப் பாத்தாவ.”

“என்ன பறவை?”

“பேரு மறந்துபோச்சு. மூக்குக்கு மேல இன்னொரு மூக்கு வச்சாப்ல இருக்குமாம். நம்ம மலையிலயே இருக்காம்.”

இருவாச்சி. எனக்குத் தெரிந்துவிட்டது.

“பொட்டை பொந்துக்குள்ள போயி வாசலை அடைச்சிக்கிடுமாம். சின்னதா ஒரு சந்துதான் இருக்குமாம். ஆண் பழத்தக் கொண்டாந்து அது வழியா ஊட்டுமாம்.”

எனக்கு எரிச்சல் வந்தது. நீ உள்ளேயே இரு, நான் கொண்டுவந்து ஊட்டுகிறேன் என்பதுதானா உங்கள் சமாதானம்? எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. செல்லையா டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஆனா வெளிய வர நேரம் வந்தா, பொட்டைதான் உள்ள இருந்து கொத்தி ஒடைச்சிட்டு வருமாம் மதினி. ‘நாம குறுக்க நிக்காம இருந்தாப் போதும்லே’ன்னாவ.”

“சொல்லும்போது சிரிச்சாவளா?” என்று கேட்டேன்.

“சிரிச்சாவ மதினி.”

ஊருக்கே காய் தரம் பிரித்தவர், ஒரு ‘சரி’ சொல்வதற்கு மலையேறிப் போய் ஒரு பறவையைப் பிடித்து வந்திருக்கிறீர்கள். அன்று என் வாயில் வழக்கமான பதில் வந்துவிட்டது. செல்லையாவைப் பார்த்து அதை எப்படிக் கேட்பது? விழுங்கிவிட்டேன்.

இந்தப் பல்லி இருக்கிறதே, அது ரதவீதிக் கடைச் சுவரில்தான் இருக்கிறது. இங்கே என்னோடு சண்டைக்கு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. கை பிடிக்குது, கழுத்து இறங்கிட்டு என்று வருவார்கள். பிரித்துத் தைத்துக் கொடுக்கும்போது அவர்களிடம் ஒரு பிராணியைச் சொல்லி அனுப்புகிறேன். பச்சைத் துணிக்காரி நாளைக்கு வருவாள். புதுத் துணி வாங்கிக் கொடுத்துவிடலாம், ஆனால் அவள் கோபத்துக்கு வாம்பட்டைத்தான் இறக்க வேண்டியிருக்கும்.

கடை அடைக்கிற நேரமாகிவிட்டது. உங்களுக்குத் தரவேண்டிய பதில் இன்னும் தொண்டையிலேயே இருக்கிறது. பல்லியைத் தவிர இங்கே யாரும் இல்லை, கேட்டுவிடுகிறேன்.

இதைச் சொல்லத்தான் வந்தியளா?