திரும்பி வந்த தகடுகள்

அன்புள்ள சொர்யானா,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். என் மனக்குறைகளைத் தேதிவாரியாக எழுதுகிறேன்.

1. மார்ச் 3: படையில் சேர்ந்த நம் மகன் நசாருக்காக, என் குண்டு துளைக்காத அங்கியிலிருந்த இரண்டு பீங்கான் தகடுகளையும் உனக்கு அனுப்பினேன்.

2. மார்ச் 11: பன்றிக்கொழுப்புக்கு அடியில் வைத்து அவற்றை எனக்கே திருப்பி அனுப்பினாய். கூடவே ஒரு சீட்டு: "அவன் ஓடிருவான், உங்களால ஓட முடியாது."

3. மார்ச் 14: பொல்தாவா சந்தையில் வாங்கிய இரும்புத் தகடுகளை அணிந்திருப்பதாக நசார் பெருமையுடன் எழுதினான்.

எங்கள் இருவரில் யாரைக் காப்பது என்று நீ முடிவு செய்ததை நான் மன்னிக்கவில்லை.

இரும்புத் தகடு குண்டைத் தடுக்கும். ஆனால் சிதறும் துணுக்குகள் கழுத்துக்குத் தெறிக்கும். சென்ற வாரம், இரும்பு அணிந்திருந்த எங்கள் படைப்பிரிவு யுகிமுக்குத் தாடையில் தெறித்தது. "இனிமே பாதி மூஞ்சிக்குத்தான் சவரம், வாத்தியாரே," என்கிறான்.

பீங்கான் கீழே விழுந்தால் உள்ளுக்குள் விரிசல் விடும். உன் பொட்டலம் வழியில் எங்கோ விழுந்திருக்கிறது. தட்டிப் பார்த்தேன். ஒன்று கணீரென்றது, மற்றது மந்தமாக ஒலித்தது. கிடங்குக்காரரிடம் மாற்றுத் தகடு கேட்டேன். "ஜூன்ல பாப்போம், அதுவரைக்கும் குனிஞ்சே நடங்க," என்றார்.

நல்ல தகட்டை மீண்டும் அனுப்புகிறேன். நசார் அதை மார்புப் பக்கம் வைக்கட்டும். எனக்கு விரிசல் விட்டது இருக்கிறது. அதன் எடையாவது பழகியது. கம்பளிக் காலுறையும் என் பழைய கண்ணாடியும் அனுப்பு. உன் கையெழுத்தில் இன்னும் நீளமாக ஏதாவது எழுது. தகட்டை மட்டும் திருப்பி அனுப்பாதே.

தபால் வண்டி கிளம்புகிறது. இரும்பைக் கழற்றிவிட்டதாக நசார் தன் கைப்பட எழுதிய பதில் ஏப்ரல் 2க்குள் எனக்கு வந்து சேர வேண்டும்.

மிரோன்