நேராகத் தைத்த வலை

என் பெரியவளுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். தம்பியும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. போனில் சொல்லக்கூடாதா என்பாய். வேலை விஷயம் எதையும் போனில் பேசாதே, கம்பெனியில் ஒட்டுக்கேட்பார்கள் என்று நீதானே சொன்னாய்? மேல் வீட்டு நர்ஸுக்கு நீ இருக்கும் ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறைக்குள் ஒரு துண்டு வலை இருக்கும். குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதே, அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டரிடம் போகச் சொன்னால் காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். லாரி வேலையை விடவில்லை. குழாய் செய்துகொண்டிருந்த தொழிற்சாலையில் இப்போது பீரங்கிக் குண்டு செய்கிறார்கள். அதே லாரி, அதே பாதை, ஏற்றுகிற பெட்டிதான் வேறு. முன்னெல்லாம் வீட்டுக்கு வந்தால் வழியில் பார்த்த ஆள், ஆடு, மாடு எல்லாவற்றையும் பற்றி அளந்துகொண்டே இருப்பார், நான்தான் வாயை மூடச் சொல்வேன். இப்போது கை கழுவிவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்கிறார். கேட்டால், "எவ்வளவு ஏத்தினாலும் பத்தலைங்கிறாங்க, அவ்வளவும் எங்கதான் போகுதோ"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். மலைக்கு அந்தப் பக்கம் சோதித்துச் சுடும்போது நம் வீட்டு ஜன்னல் கதவு தானாக ஆடுகிறது. குளியலறைக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. தெருவில் எல்லோரும் ஜன்னல் கண்ணாடிக்குக் குறுக்கே டேப் ஒட்டியிருக்கிறார்கள், நானும் ஒட்டினேன். யாரும் யாரையும் ஏன் ஒட்டுகிறாய் என்று கேட்கவில்லை.

நீ போன தடவை வந்தபோது என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? தம்பியைப் பீரங்கிப் படையில் போட்டுவிட்டார்களே என்று நான் அழுதபோது, "அம்மா, பீரங்கியெல்லாம் பழைய காலத்து இரும்பு. இனிமே எங்க கம்பெனி செய்யுற, வானத்துல பறக்கிற ட்ரோன் கண்ணுதான் சண்டை போடும். குறி தப்பாது, அதனால குண்டும் கொஞ்சம்தான் வேணும். அவன் சும்மா இரும்பைத் தொடைச்சிக்கிட்டு இருப்பான்"னு சொன்னாய். நீ படித்தவள், நான் நம்பினேன். இப்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்லட்டுமா? கண் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தவனுக்குக் கண் கிடைத்தால் அடிப்பதைக் குறைப்பானாடி? இன்னும் ஆசையாக அல்லவா அடிப்பான்? கண்ணை நீ கொடுத்தாய், பீரங்கிக்கு வயிறு பெருத்துவிட்டது. அது ஒரு பக்கம். அடிக்கிற பீரங்கியை எதிராளியின் கண் தேடுகிறது, கண்டால் அதன் மேல்தான் முதல் குண்டு. அதனால் பீரங்கியை ஒளித்து வைக்கவே ஒரு கூட்டம் வேலை செய்கிறது. அந்தக் கூட்டத்தில்தான் நான் இருக்கிறேன்.

எங்கள் தையல் கூடத்தில் திரைச்சீலை ஆர்டர் எல்லாம் நின்றுபோய், பீரங்கிக்கு மேல் போர்த்துகிற வலைதான் தைக்கிறோம் என்று சொல்லியிருந்தேன். வலையில் பச்சையும் பழுப்புமாகத் துணிப் பட்டைகளைக் கோக்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் செடிகொடி மாதிரி தெரிய வேண்டும். எங்களுக்கு என்ன தெரியும்? நானும் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுக்கிறவளும் ஆயுசு முழுக்கத் திரை தைத்தவர்கள். மடிப்பு கோணினால் பிரித்துத் தைப்போம், கோடு கோணினால் எங்களுக்குச் சோறு இறங்காது. பட்டைகளை அடி ஸ்கேல் வைத்து, ஒரே இடைவெளியில், வரிசை வரிசையாகக் கோத்துத் தள்ளினோம். பரிசோதிக்க வந்த அதிகாரி தடவிப் பார்த்து, "தியேட்டர் திரை மாதிரி இருக்கும்மா"ன்னு மெச்சிவிட்டு முத்திரை குத்திப் போனார். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதல் லாரிச் சரக்கு போய்விட்டது.

அடுத்த சரக்கை எடுக்க எல்லையிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாய் வந்தான், கையில் கட்டு. மேசையில் விரித்திருந்த வலையைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். "அக்கா, இதை யாரு தலைமேல போட்டீங்க? காட்டுல எங்கக்கா வரிசை இருக்கு? எங்க பீரங்கி மேலயும் இப்படித்தான் ஒழுங்கா ஒண்ணு கட்டியிருந்தோம். மேல இருந்து கண்டுபிடிச்சு அடிச்சுட்டான், பீரங்கியும் போச்சு, எங்க ஆளுங்களும் போயிட்டாங்க"ன்னான். நீயும்தான் ஒரு நாள் சொன்னாய், "மேல இருந்து படம் பார்க்கிற எங்க மெஷின் முதல்ல நேர்கோட்டைத்தான் தேடும்மா, மனுஷன் கை பட்ட இடத்துலதான் அது இருக்கும்"னு. என் காதில் ஏன் ஏறாமல் போயிற்று? முதல் சரக்கு எந்தப் படைக்குப் போனது என்று அப்பாவை விசாரிக்கச் சொன்னேன். மகளே, அது நம் சின்னவனுடைய படைக்குத்தான் போயிருக்கிறது.

முதலாளியிடம் திருப்பி வாங்கச் சொல்லிக் கெஞ்சினேன். "பாஸான சரக்கைத் தப்புன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? அடுத்த ஆர்டர் வருமா?"ன்னு கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பாவி. தம்பி முகாமிலிருந்து கூப்பிட்டபோது, அதைக் கிழித்து அலங்கோலமாகக் கட்டுடா என்று கத்தினேன். அவன் சிரிக்கிறான்! "உன் கூடத்துல தைச்சதுன்னு தெரிஞ்சதும் நானே கேட்டு எங்க பீரங்கிக்கு வாங்கிக்கிட்டேன்மா. ஒரு சுருக்கம் இல்லாம இழுத்துக் கட்டியிருக்கேன், பசங்க எல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க. கிழிச்சா அரசாங்கச் சொத்துன்னு உள்ள தள்ளிடுவாங்க"ங்கிறான். நான் சொன்னால் அம்மா பயப்படுகிறாள் என்று நினைக்கிறான். அவனுடைய மேலதிகாரி, முத்திரை இருக்கிறதல்லவா என்கிறாராம்.

உறையில் இருப்பது அதே மாதிரி தைத்த துண்டு. உன் மெஷினுக்கு முன்னால் விரித்துக் காட்டு. அது கண்டுபிடித்துவிட்டால், அது காட்டுகிற படத்தை அவனுடைய மேலதிகாரிக்கு அனுப்பு. கம்பெனிப் படத்தை வெளியே கொடுத்தால் உன் வேலை போகும், வழக்குக்கூடப் போடுவார்கள் என்று தெரிந்துதான் கேட்கிறேன். பெற்ற வாயால் இப்படிக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். இன்னொன்று. "யாரு வாங்க வந்தாலும் விப்போம்மா"ன்னு நீ பெருமையாகச் சொன்னாய், அன்றைக்கு நானும் சிரித்தேன். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரனும் உங்கள் கண்ணை வாங்கியிருக்கிறானா? எனக்கு எழுத வேண்டாம். நீ தெரிந்துகொண்டால் போதும், அப்புறம் படத்தை அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்க மாட்டாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. கோபித்துக்கொள்ளாதே, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, நீ எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் நல்லா இருக்கணும், என் ஆயுசும் சேர்த்து உனக்கும் அவனுக்கும் போகட்டும். மறக்காதே, ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்ய வேண்டும். அன்றைக்கு அவனுடைய படை பாலத்தைத் தாண்டிச் சண்டை நடக்கிற இடத்துக்குப் போகிறதாம், அதற்கப்புறம் போன் கிடையாது. கூடத்தில் இப்போது எல்லாவற்றையும் கோணல்மாணலாகத்தான் தைக்கிறோம், கை கூசுகிறது, ஆனாலும் தைக்கிறோம். யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் கோணலாகத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் பிள்ளை தலைக்கு மேல் இருப்பது மட்டும் நேராக இருக்கிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா